காவலர் இருக்கிறார், பட்டியல் எங்கே?



நம் தமிழ்ப்பள்ளி ஒன்றின் வாயிலைக் கற்பனை செய்து பாருங்கள். காவலர் அறையில் ஒருவர் அமர்ந்திருப்பார். வருகையாளர் எவராயினும் பதிவேட்டில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதவேண்டும். வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவேண்டும். பள்ளி முடியும் நேரத்தில் பிள்ளையின் தாய்மாமனே வந்து நின்றாலும், பெற்றோர் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லையென்றால் பிள்ளையை அனுப்பமாட்டோம். இதை எந்தப் பெற்றோரும் மிகை என்று சொன்னதில்லை. மாறாக, ஒருநாள் காவலர் இல்லையென்றால் அன்று மாலையே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் புலனக் குழுவில் கேள்வி எழும்.

அதே பள்ளியின் பெயரில் ஓர் இணையத்தளம் இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் உருவாக்கிய புதிர்ப்பக்கம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அன்றாடம் அதன்வழி நுழைகிறார்கள். அங்கே யார் வரலாம், யார் வரக்கூடாது என்று எவரேனும் பட்டியல் எழுதி வைத்திருக்கிறோமா? பெரும்பாலும் இல்லை. இல்லை என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. இதுதான் என் சினத்துக்குக் காரணம்.

நான் சொல்ல வருவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் நுழையும் தளத்தை நடத்துகிறவர் எவராயினும், "உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை" என்னும் தலைப்பு வரியைத் தம் வழங்கியில் அமைத்தே ஆகவேண்டும். அமைக்காமல் விடுவது கவனக்குறைவு. ஒப்புக்கு அமைத்துவிட்டுப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்வது, அதைவிட மோசமான ஏமாற்று.

முதலில் என் தவறு

பிறரைச் சாடும் முன் என்னைச் சாடிக்கொள்வதுதான் முறை. நான் கணினித்துறை வல்லுநர் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, தமிழும் கணிதமும் கற்பித்து வருபவள். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின், வீட்டில் முடங்கிய என் மாணவர்களுக்காக ஒரு புதிர்த்தளத்தை உருவாக்கினேன். வாடகை வழங்கியில், நோட்.ஜேஎஸ், எக்ஸ்பிரஸ் ஆகியவற்றைக் கொண்டு, இரவுகளில் கற்றுக் கற்றுக் கட்டிய தளம். புதிர்களை முடித்த பிள்ளைகள் நண்பர்களுக்கு வாழ்த்து எழுத "வாழ்த்துச் சுவர்" ஒன்றும் வைத்தேன்.

அடுத்த ஆண்டு ஒரு மாலை, ஒரு மாணவனின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், பையன் உங்க புதிர்ப் பக்கத்தைத் திறந்தா காசு கட்டி விளையாடுற பக்கம் வருது. நீங்கதான் குடுத்தீங்களா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆசிரியர் கொடுத்திருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. என்னைச் சுட்டது அந்த நம்பிக்கைதான்.

வாழ்த்துச் சுவரில் எவரோ வாழ்த்துக்குப் பதிலாக ஒரு வரி நிரலை எழுதியிருந்தார்கள். வேறொரு தளத்திலிருந்து நிரலை இழுத்து வந்து, பிள்ளைகளைச் சூதாட்டப் பக்கத்துக்குத் தள்ளும் வரி அது. என் வார்ப்புருவில் சமக்குறி இருக்கவேண்டிய இடத்தில் சிறுகோடு போட்டிருந்தேன். சமக்குறி போட்டிருந்தால் அந்த வரி வெறும் எழுத்தாகத் தெரிந்திருக்கும். சிறுகோடு போட்டதால் அது உயிர்பெற்று ஓடியது. ஒரு கோடு!

அன்றிரவே தளத்தை மூடினேன். கோட்டைத் திருத்தினேன். பெற்றோர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் தூங்கவிடவில்லை. நான் இனி ஒரு கோட்டிலும் தவறமாட்டேன் என்று எப்படி உறுதி கூறுவேன்? தவறுவேன். மனிதர்கள் தவறுவார்கள். தவறிய நேரத்தில் தாங்கிப் பிடிக்க இரண்டாவது சுவர் வேண்டும். அந்தச் சுவர் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அதன்பிறகே அறிந்தேன்.

காவலர் யார்?

உலாவி ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அதில் உள்ள ஒவ்வொரு நிரலையும் அந்தத் தளத்துக்கு உரியது என்றே நம்பி இயக்குகிறது. ஆசிரியர் எழுதிய நிரல் எது, அயலார் நுழைத்த நிரல் எது என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. இந்தத் தாக்குதல் புதிதன்று. 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்னும் இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தம் பக்கத்தில் இத்தகைய நிரலை எழுதிவைத்தார். ஒரே நாளுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பக்கங்களில் அது பரவிற்று. அவர் விளையாட்டாகச் செய்தது அது. விளையாட்டுக்கே இவ்வளவு என்றால் வினைக்கு எவ்வளவு?

எந்தெந்த இடத்திலிருந்து வரும் நிரலை ஏற்கலாம் என்று தளமே உலாவிக்குப் பட்டியல் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அதற்கு மறுமொழியாக வளர்ந்தது. 2011இல் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 4 அதைச் செயல்படுத்தியது. 2016 டிசம்பரில் அதன் இரண்டாம் நிலை, உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. இன்று பிள்ளைகளின் கைப்பேசியில் உள்ள முதன்மை உலாவிகள் அனைத்தும் அப்பட்டியலுக்குக் கட்டுப்படுகின்றன.

இதன் பொருள் என்ன? காவலர் ஏற்கெனவே வாயிலில் நிற்கிறார். சம்பளம் கேட்கவில்லை, விடுப்பு கேட்கவில்லை. "ஆசிரியரே, யாரை உள்ளே விடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்கிறார். நாம்தான் எழுதிக் கொடுக்கவில்லை. பட்டியல் இல்லாத காவலர் எல்லாரையும் உள்ளே விடுகிறார். அது அவர் குற்றமன்று.

மிக எளிய பட்டியல் ஒரே வரிதான். வழங்கியில் ஆங்கில எழுத்தில் எழுதவேண்டியதை இங்கே ஒலிப்பெயர்த்துத் தருகிறேன்:

கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசி: டிஃபால்ட்-எஸ்ஆர்சி 'செல்ஃப்'

"என் தளத்திலிருந்து வருவதை மட்டும் ஏற்றுக்கொள், மற்றதை வாயிலிலேயே நிறுத்து" என்பது இதன் பொருள். அப்பாச்சி வழங்கியில் 'ஹெட்டர்' என்னும் ஆணையாலும், எஞ்சின்எக்ஸ் வழங்கியில் 'ஆட்_ஹெட்டர்' என்னும் ஆணையாலும் இதைச் சேர்க்கலாம். எக்ஸ்பிரஸ் பயன்படுத்துவோருக்கு 'ஹெல்மெட்' என்ற இலவச நிரற்பொதி உண்டு. பெயரே தலைக்கவசம்! பிள்ளையை மோட்டார்சைக்கிளில் ஏற்றும்போது நாம் மறக்காத பொருள் அது.

இந்த ஒரு வரி என் தளத்தில் இருந்திருந்தால், நான் சிறுகோட்டில் தவறிய அன்றும் அந்தச் சூதாட்ட நிரல் இயங்கியிருக்காது. அது என் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வந்தது. உலாவி அதைத் தொட்டிருக்காது.

சொல்லப்படும் சாக்குகள்

இதைப்பற்றிச் சக ஆசிரியர்களிடம் பேசும்போதெல்லாம் நான் கேட்கும் மறுப்புகள் நான்கு. ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

1. "நம் சிறிய பள்ளியை யார் தாக்கப் போகிறார்கள்?"

தாக்குகிறவர்கள் பள்ளியின் பெயரைப் படிப்பதில்லை. திறந்த கதவைத் தேடி அலைவது தானியங்கி நிரல். அதற்குத் தோட்டப்புறப் பள்ளியும் ஒன்றுதான், தலைநகரின் வங்கியும் ஒன்றுதான்.

2018 பிப்ரவரி 11ஆம் நாள் நடந்ததை எண்ணிப் பாருங்கள். படிக்க இடர்ப்படுவோருக்கு இணையப்பக்கத்தை உரக்கப் படித்துக்காட்டும் 'பிரவுஸ்அலவுட்' என்னும் நற்கருவியின் நிரலில் எவரோ சில வரிகளைச் செருகினர். அதைப் பயன்படுத்திய 4,000க்கும் மேற்பட்ட தளங்கள், பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகத் தளம் உட்பட, வருகையாளர்களின் கணினிகளை அவர்கள் அறியாமலே மின்பணம் தோண்டும் வேலைக்குப் பயன்படுத்தின. அத்தளங்களை எவரும் தனித்தனியே தேர்ந்தெடுக்கவில்லை. செருகப்பட்ட வரிகள் தோண்டும் நிரலை இன்னோர் இடத்திலிருந்து அழைத்தன. தகுந்த பட்டியல் வைத்திருந்த தளத்தில் அந்த அழைப்பு அங்கேயே நின்றிருக்கும்.

2024 ஜூனில் 'பாலிஃபில்' சேவைக்கு நேர்ந்ததும் இதுபோன்றதே. பழைய உலாவிகளுக்குப் புதிய வசதிகளைச் சேர்க்கும் சேவை அது. அதன் தளப்பெயர் அவ்வாண்டுத் தொடக்கத்தில் கைமாறியது. சில மாதங்களில் அதன் நிரல் கைப்பேசிப் பயனர்களை விளையாட்டுச் சூதாட்டப் பக்கங்களுக்குத் தள்ளத் தொடங்கியது. அந்நிரலைப் பயன்படுத்திய தளங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். இங்கே ஓர் உண்மையையும் சொல்லவேண்டும்: அந்தச் சேவையையே தம் பட்டியலில் சேர்த்திருந்தவரைப் பட்டியல் முழுமையாகக் காத்திருக்காது. ஆனால் பட்டியல் எழுத உட்காரும்போதுதான் "இவர் யார்? ஏன் என் வகுப்புக்குள் வருகிறார்? இவருடைய நிரலின் படியை என் வழங்கியிலேயே வைத்துக்கொள்ள முடியாதா?" என்ற கேள்விகள் பிறக்கின்றன. அவை பிறந்தாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும்.

2. "பூட்டு அடையாளம் இருக்கிறதே!"

பூட்டு அடையாளம் காப்பது பாதையை. வழங்கிக்கும் கைப்பேசிக்கும் இடையே எவரும் ஒட்டுக்கேட்காமலும் மாற்றாமலும் பார்த்துக்கொள்வது அதன் பணி. பள்ளி வேனின் கதவு நன்றாகப் பூட்டியிருக்கிறது, சரி. வேனுக்குள்ளேயே ஓர் அயலார் உட்கார்ந்திருந்தால் பூட்டு என்ன செய்யும்? அவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

3. "அது தொழில்நுட்ப நிறுவனத்தின் வேலை."

நிறுவனத்தின் வேலைதான். ஆனால் கேட்டு வாங்குவது யார் வேலை? கழிப்பறைக் குழாய் ஒழுகினால் குத்தகையாளரை மூன்றுமுறை அழைக்கிறோம். பள்ளித் தளத்துக்குச் சங்க நிதியிலிருந்து பணம் கொடுத்துவிட்டு, நிறம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் பொருந்தாது என்று தன் தொடக்கப் பகுதியிலேயே கூறிவிடுகிறது. அந்தச் சட்டத்தை நம்பிப் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. நம் மனச்சான்றுதான் நமக்குச் சட்டம்.

4. "அந்த வரியைப் போட்டவுடன் பக்கம் உடைந்துவிடுகிறது."

நான்கில் நான் மதிக்கும் மறுப்பு இது ஒன்றுதான். ஏனெனில் இது உண்மை. நான் முதன்முதலில் அந்த வரியைச் சேர்த்தபோது, வெளித்தளத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துரு காணாமற்போயிற்று. யூடியூப் பாடல் கட்டம் வெறுமையாயிற்று. விடையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான்கள் ஒன்றும் வேலை செய்யவில்லை. நான் பொத்தானுக்குள்ளேயே 'ஆன்கிளிக்' என்று நிரலை எழுதியிருந்தேன்.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். இணையத்தில் தேடி, 'அன்சேஃப்-இன்லைன்' என்ற சொல்லையும் ஒரு நட்சத்திரக் குறியையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பக்கம் மீண்டும் ஓடுகிறது. சோதனைக் கருவியும் "கொள்கை உண்டு" என்று பச்சைக்குறி காட்டுகிறது. ஆனால் அதன் பொருள் என்ன? நட்சத்திரக்குறி என்றால் "எவரும் வரலாம்". 'அன்சேஃப்-இன்லைன்' என்றால் "வேலி தாண்டி உள்ளே குதித்துவிட்டவரை ஒன்றும் கேட்காதே". இதைப் பட்டியல் என்று சொல்ல நாக்கூச வேண்டாமா? அந்தச் சொல்லிலேயே 'அன்சேஃப்', அதாவது பாதுகாப்பற்றது, என்று எச்சரித்திருக்கிறார்களே!

இது நம் ஊர் நோய் மட்டுமன்று. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் இத்தகைய கொள்கைகளை ஆராய்ந்தபோது, நிரல்களைக் கட்டுப்படுத்த முயன்ற கொள்கைகளில் 94.68 விழுக்காடு பயனற்றவை என்று கண்டனர். நூற்றில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து பேர் தலைக்கவசத்தை அணிந்து, வாரைப் பூட்டாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன?

குறைமட்டும் சொல்லி முடிப்பது ஆசிரியருக்கு அழகன்று. நான் பட்டுத் தெளிந்த வழியைச் சொல்கிறேன்.

முதலாவது, தடுக்காமல் கவனியுங்கள். இதே தலைப்பு வரியை 'ரிப்போர்ட்-ஒன்லி' என்ற ஒட்டோடு அனுப்பலாம். அப்போது உலாவி எதையும் நிறுத்தாது. எதை நிறுத்தியிருக்கும் என்பதை மட்டும் குறித்துச் சொல்லும். இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். உங்கள் பக்கத்துக்குள் யார் யார் வந்துபோகிறார்கள் என்று பார்த்து வியப்பீர்கள்.

இரண்டாவது, வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். 'நோட்டோ' தமிழ் எழுத்துரு கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. அதை உங்கள் வழங்கியிலேயே வைத்துக்கொள்ளலாம். யூடியூப் காணொளி வேண்டுமென்றால், சட்டகத்துக்கான பிரிவில் அந்த ஒரு தளத்தின் பெயரை மட்டும் சேருங்கள்.

மூன்றாவது, பொத்தானுக்குள் எழுதிய நிரல்களைத் தனிக்கோப்புக்கு மாற்றுங்கள். இதுதான் உழைப்பு. எனக்கு ஒரு பள்ளி விடுமுறையின் முதல் வாரம் முழுவதும் பிடித்தது. பக்கத்திலேயே நிரல் இருந்துதான் ஆகவேண்டும் என்றால், 'நான்ஸ்' எனப்படும் ஒருமுறை எண்ணைக் கொடுங்கள். வருகையாளர் அட்டைபோன்றது அது. ஆனால் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் எவரும் ஊகிக்கமுடியாத புதிய எண்ணாக இருக்கவேண்டும். ஒரே எண்ணை நிலையாக எழுதிவைப்பது, அட்டையை வாயிலிலேயே தொங்கவிட்டு வருவதற்குச் சமம்.

நான்காவது, 'டிஃபால்ட்' என்று ஒன்று எழுதிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று எண்ணாதீர்கள். படிவம் எங்கே அனுப்பப்படலாம் என்பதைக் கூறும் 'ஃபார்ம்-ஆக்‌ஷன்', நம் பக்கத்தைப் பிறர் தம் பக்கத்துக்குள் வைத்துக்காட்டலாமா என்பதைக் கூறும் 'ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ்', பக்கத்தின் அடிப்படை முகவரியைக் கூறும் 'பேஸ்-யூஆர்ஐ' ஆகிய மூன்றும் அதில் அடங்கா. தனித்தனியே எழுதவேண்டும். பிள்ளையின் பெயரையும் பிறப்பு எண்ணையும் கேட்கும் படிவம் உங்களிடம் இருந்தால், முதலாவது மிக முக்கியம்.

ஐந்தாவது, எழுதியபின் சரிபாருங்கள். எஞ்சின்எக்ஸ் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: உட்பிரிவு ஒன்றில் வேறொரு தலைப்பு வரியைச் சேர்த்தால், மேலே எழுதிய தலைப்பு வரிகள் இயல்பாக அந்தப் பிரிவுக்கு வந்துசேரா. முகப்புப் பக்கத்தில் காவல் இருக்கும், புதிர்ப்பக்கத்தில் இராது. வழங்கியில் கைவைக்க முடியாத இலவசத் தளம் என்றால், பக்கத்தின் தலைப்பகுதியில் 'மெட்டா' குறியாக எழுதலாம். ஆனால் அப்போது 'ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ்' செல்லாது, 'ரிப்போர்ட்-ஒன்லி'யும் செல்லாது.

இவ்வளவும் செய்தபின்னும், பிள்ளைகள் எழுதுவதை வெறும் எழுத்தாகவே காட்டும் கடமை நம்மைவிட்டுப் போகாது. பட்டியல் இரண்டாவது சுவர்தான். முதல் சுவரை இடித்துவிட்டு இரண்டாவதை நம்புவது மடமை. இரண்டாவதே வேண்டாம் என்பது செருக்கு.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

உங்களுக்கு நிரல் தெரியவேண்டியதில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். நம் பள்ளித் தளத்துக்கு உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா? அதில் நிரலுக்கான பிரிவில் 'அன்சேஃப்-இன்லைன்' இருக்கிறதா? வெளித்தளங்களிலிருந்து என்னென்ன நிரல்கள் வருகின்றன? விடை சொல்லத் தெரியாவிட்டால் யாரையும் அவமானப்படுத்தாதீர்கள். எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. ஆனால் அடுத்த கூட்டத்திற்குள் விடை வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் ஒரு விதியை ஆணி அடித்ததுபோல் பதியவைத்தார்: பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லுமுன், ஆசிரியர் தாம் மட்டும் ஒருமுறை அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவரவேண்டும். பள்ளம் எங்கே, ஆறு எங்கே, கதவு எங்கே என்று தெரிந்துகொண்டு வரவேண்டும். இணைய முகவரி ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்கிறோம். அந்த விதி இங்கே மட்டும் எப்படிச் செல்லாமற்போகும்?

"நீங்கதான் குடுத்தீங்களா?" என்று அந்தத் தாயார் கேட்டதற்கு அன்று "இல்லைங்கம்மா" என்று சொன்னேன். அது பொய். அந்தப் பக்கத்தை நான் கொடுக்கவில்லை. ஆனால் அது நுழைந்த கதவை நான்தான் திறந்துவைத்திருந்தேன். உங்களிடம் ஒரு பெற்றோர் அதே கேள்வியைக் கேட்கும் நாள் வரவேண்டாம். இன்றிரவே உட்கார்ந்து பட்டியலை எழுதத் தொடங்குங்கள்.

ஐயம் இருப்பவர்கள் மறுமொழியில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மறுப்பு இருப்பவர்களும் எழுதுங்கள். ஐந்தாவது சாக்கு ஒன்று இருந்தால் அதையும் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை